வேறு கிளைகள் இல்லை

என் பிறந்த வீட்டுப் பாகப்பிரிவினையில் கடை, வீடு, ஆற்றுப் பாசனத்தில் இருந்த கொஞ்சம் வயல், பித்தளை அண்டா ஆகியவற்றோடு ஒரு இணையதளத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள். அந்த இணையதளத்தைச் செய்தவள் நான். அதைப் பிரித்தபோது அடுப்படியில் எல்லாருக்கும் காப்பி போட்டுக்கொண்டிருந்தவளும் நான்தான். இதைச் சொன்னால் பலரும் சிரிக்கிறார்கள். இணையதளத்தை எப்படிம்மா பிரிக்க முடியும் என்று கேட்கிறார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு பொருளைக் காட்டி இது பிரிபடாது என்று சொல்லிப் பாருங்கள், கோடாலியோடு வந்து நிற்பார்கள்.

அப்பாவுக்குத் திருநெல்வேலி டவுனில் கருப்பட்டிக் கடை. உடன்குடியிலிருந்து சிப்பம் சிப்பமாக வந்து இறங்கும். எனக்கு மேலே ஒரு அண்ணன், எனக்குக் கீழே ஒரு தம்பி. இரண்டு பேரும் பத்தாவதோடு கடைக்கு வந்துவிட்டார்கள். என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார்கள். நல்ல இடத்தில் கட்டிக் கொடுக்கத்தான் அந்தப் படிப்பு என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்தபின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். பாத்திரக்கடை, பல் டாக்டர், பந்தல் போடுகிறவர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருநாள் மத்தியானம் அப்பாவே வந்து அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, ஊருக்கெல்லாம் போட்டுக் குடுக்க. நமக்கும் ஒண்ணு போட்டுத் தாயேன்."

போட்டேன். சும்மா படத்தை ஒட்டி விலையைப் போட்டுவிடவில்லை. அப்பாவோடு உடன்குடிக்குப் போய், அவர் சரக்கு பார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து எழுதினேன். கருப்பட்டியை உடைத்து வெயிலில் திருப்புவார். உடைந்த இடம் பளபளவென்று மினுங்கினால் அந்தச் சிப்பத்தையே தொடமாட்டார். "சீனி போட்டுருக்கான், வே" என்று வியாபாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அதை ஒரு பக்கமாக எழுதினேன். கருப்பட்டி ஏன் மழைக்காலத்தில் கசிகிறது, அப்போது என்ன செய்ய வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கு எது, சுக்குக்காப்பிக்கு எது என்று நாற்பது பக்கங்கள் எழுதினேன். அந்த நாற்பதில் கடைசியாக, எல்லாக் கடைக்காரர்களும் வைப்பது போல, 'எங்களைப் பற்றி' என்று ஒரு பக்கம். அதை மட்டும் அப்பா மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை மூக்கை உறிஞ்சினார். எனக்கு அன்று ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தக் காலத்தில் போனுக்குத் தனி இணையதளம் வைப்பதுதான் வழக்கம். கம்ப்யூட்டருக்குச் செய்த பக்கத்தைச் சின்னப் போனில் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரியும். அதனால் அதே நாற்பது பக்கங்களையும் ஒரு எழுத்து மாறாமல் எடுத்து, போனுக்குத் தோதாக இன்னொரு தளம் செய்தேன். முதல் தளத்தின் முகவரிக்கு முன்னால் 'எம்' என்று ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும் சேர்த்தால் இரண்டாவது தளம் வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி குழம்பும். எது மூலம், எது நகல் என்று அதற்குத் தெரியாது. அதற்காக, பார்க்கிறவர் கண்ணில் படாதபடி உள்ளே ஒரு வரி எழுதி வைப்போம். போன் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 'இதற்கு மூலப்பக்கம் அங்கே இருக்கிறது' என்று ஒரு வரி. கம்ப்யூட்டர் தளத்தில் 'போனுக்கான பக்கம் இங்கே இருக்கிறது' என்று ஒரு வரி. ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் இன்னார் என்று போட்டிருப்பது மாதிரிதான். அந்த வரிகள் இருக்கிறவரை இரண்டும் ஒரே குடும்பம் என்று தேடுபொறி எடுத்துக்கொள்ளும், இரண்டின் மதிப்பும் ஒன்றாகச் சேரும். அதோடு, போனில் வருகிறவர்களைக் கம்ப்யூட்டர் தளத்தின் வாசலிலேயே மறித்துப் போன் தளத்துக்கு அனுப்பி வைக்க ஒரு வழியும் போட்டிருந்தேன்.

சேர்ந்தது. உடன்குடி கருப்பட்டி என்று யார் எங்கிருந்து தேடினாலும் முதலில் நாங்கள்தான் வந்தோம். அப்பா கடைக்கு வருகிறவர்களின் போனை வாங்கி, "அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி, மொதல்ல யாரு வருதான்னு பாருங்க" என்று காட்டுவார். சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் கேட்டார்கள். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயில் இருந்துகொண்டு, ஊரில் இருக்கும் தன் உம்மாவுக்கு மாதாமாதம் போனிலேயே சொல்லி அனுப்பச் சொல்வார். அப்பா இருந்தவரை அந்த முதல் இடம் அசையவில்லை.

அப்பா போய் ஒரு வருடம் திரும்புவதற்குள் பங்கு பிரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமா, நடுவில் இருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். அப்போதுதான் மூத்தவன் ஒரு பக்கத்தைக் கொழுக்க வைக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. நியாயமான முறைதான். ஆனால் மூத்தவன் இளையவன் என்று சொல்லும்போதே அது யாருக்கான நியாயம் என்பது தெரிந்துவிடுகிறது. பெண்பிள்ளைக்கும் பங்கு உண்டு என்கிறது சட்டம். சட்டம் வந்து தாய்மாமனுக்கு எதிரில் பாயில் உட்காருவதில்லை. எனக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் டைப் அடித்துத் தயாராக இருந்தது.

நான் வயலைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. காப்பித் தட்டை வைத்துவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்.

"மாமா, அந்த வெப்சைட்டை மட்டும் ஏம் பேர்ல விட்டுருங்க. நான் பாத்துக்கிடுதேன். ரெண்டு பேருக்கும் வர்ற ஆர்டரை ஆளுக்குப் பாதியா அனுப்பி வைக்கேன். அது ஒண்ணா இருந்தாத்தான் நிக்கும்."

மாமா என்னைப் பார்க்காமல் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சொன்னான்:

"அதெல்லாம் கடைப் பேர்ல உள்ளது. கட்டிக் குடுத்த எடத்துக்கு எப்படிக் கொண்டு போவ?"

"ரெண்டு வெப்சைட்டு இருக்குல்லா, மாமா. ஆளுக்கொண்ணு" என்றான் தம்பி.

மாமாவுக்கு அதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அன்று பிரித்ததிலேயே ஒரு சண்டையும் இல்லாமல் பிரிந்தது அது ஒன்றுதான். அண்ணன் பெரிய தளத்தை ஒரு பங்கிலும் போன் தளத்தை ஒரு பங்கிலும் வைத்தான். தம்பி போன் தளத்தை எடுத்துக்கொண்டான். அண்ணனுக்குச் சந்தோஷம், பெரியது தனக்கு வந்துவிட்டது. தம்பிக்கும் சந்தோஷம், இனி எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். போன் தளம் அண்ணனின் முகவரிக்குள்தான் இருக்கிறது, மனை ஒருவனுக்கும் வீடு ஒருவனுக்கும் ஆகிவிடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "பாதை விட்டுக்கிடலாம்ட்டி" என்று மாமா கையை ஆட்டினார். அம்மாவையும் அன்றே பிரித்தார்கள். அண்ணன் வீட்டில் பதினைந்து நாள், தம்பி வீட்டில் பதினைந்து நாள். பிறகு நான் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சேலையை இன்றுவரை நான் உடுத்தவில்லை.

கையெழுத்துப் போட்டவளிடமேதான் வேலையும் வந்தது. வெளியே ஆள் பிடித்தால் கூலி கொடுக்க வேண்டுமே. ஒரு கடை இரண்டு கடையானதால் விலாசத்தையும் போன் எண்ணையும் தளத்துக்குத் தளம் மாற்றச் சொன்னார்கள். மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தம்பி வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினான். யாரோ அவனுடைய தளத்தின் உள்வரிகளைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

"யக்கா, ஏம் பக்கத்துல அவன் பக்கம்தான் மூலம்னு எழுதி வச்சிருக்கியாம்லா?"

"ஆமா லே. அது தேடுறதுக்காக வச்சது."

"அப்ப நான் அவனுக்கு நகலா? ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதி வச்சிருக்க. எடு மொதல்ல!"

அந்த வரியை எடுத்தால் இரண்டும் தனித்தனி ஆகிவிடும், ஒரே சரக்கை இரண்டு பேர் காட்டுகிறார்கள் என்று தேடுபொறி நினைக்கும், இரண்டு பேரும் கீழே போய்விடுவீர்கள் என்று பொறுமையாகத்தான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. மறுநாள் அண்ணன் போன் பண்ணினான். போனில் வருகிறவர்களைத் தன் வாசலில் மறித்துத் தம்பி தளத்துக்கு அனுப்புகிறேனாம், அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"என் வாசல் வழியா அவன் வீட்டுக்கு என்ன பாதை? அடைச்சிரு."

"அண்ணே, அடைச்சா ரெண்டு பேருக்கும் கெடுதி."

"கட்டிக் குடுத்தாச்சுல்லா, ஒதுங்கி இரு. சொன்னதைச் செய்யி."

செய்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். இன்னொரு தடவை எடுத்துச் சொல்லியிருக்கலாம். மாமாவைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கலாம். அம்மாவிடம் அழுதிருக்கலாம். நான் எதையும் செய்யவில்லை. 'ஒதுங்கி இரு' என்றான் அல்லவா, சொன்னதை மட்டும் செய்தேன். எண்பது பக்கங்களிலும் அந்த வரிகளைத் தேடித் தேடி எடுத்தேன். பாதையையும் அடைத்தேன். எடுக்கும்போது ஒரு சந்தோஷம்கூட இருந்தது. நாசமாய்ப் போங்கள் என்று வாய்விட்டே சொன்னேன்.

அதே வாரத்தில் அண்ணன் தன் தளத்தின் உச்சியில் ஒரு வாசகம் போடச் சொன்னான். எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் இல்லை. ரத வீதியில் பாதிக் கடைகளின் போர்டில் உள்ள வாசகம்தான் அது. போட்டேன். இரண்டு நாள் கழித்துத் தம்பியும் கூப்பிட்டான். அவனுக்கும் அதே வாசகம் வேண்டும், எழுத்து அண்ணனுடையதைவிடக் கொஞ்சம் பெரியதாக இருக்க வேண்டும். அதையும் போட்டேன். கிளைகள் இல்லை என்பதையும் இரண்டு இடத்தில் எழுதிய கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு நான் சொன்னதுதான் நடந்தது. முதலில் ஒருநாள் அண்ணன் தளம் வந்தது, ஒருநாள் தம்பி தளம் வந்தது. இரண்டு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு யார் மேலே என்று காலையில் எழுந்ததும் பார்த்தார்கள். அடுத்தவன் மேலே வந்த நாளில் எனக்குத் திட்டு விழுந்தது. அப்புறம் இரண்டும் நாலாவது, ஆறாவது இடம் என்று பைய இறங்கின. பிறகு முதல் பக்கத்திலேயே இல்லை. வெளியூர் ஆர்டர் நின்று போனது. தம்பி அண்ணனைச் சொன்னான், அண்ணன் தம்பியைச் சொன்னான். கொஞ்ச நாளில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சொன்னார்கள். அதில் மட்டும் இன்றுவரை அவர்களுக்குள் பிரிவினை இல்லை.

ஒருநாள் துபாயிலிருந்து அந்தக் காயல்பட்டினத்துக்காரர் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். "உங்க வாப்பா இருந்தா இப்படிச் சரக்கு அனுப்புவாஹளா? உம்மா காப்பியில போட்டுட்டு, இதுல சீனி கலந்திருக்குங்கிறாஹ. அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, நீங்களும் இப்படி ஆயிட்டிங்களா?" தம்பி அவருக்கு மாதக்கணக்கில் எதுவும் அனுப்பியிருக்கவில்லை. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டால், உங்கள் தளத்தில்தான், எப்போதும் போல முதலாவது வந்ததில் என்கிறார்.

தம்பி எனக்குச் சொல்ல, நான் தேடிப் பார்த்தேன். முதலில் வந்தது எந்த ஊர்க்காரன் என்றே தெரியாத ஒருவனுடைய தளம். வேறு பெயர், வேறு படம். திறந்தால் உள்ளே என் எழுத்து. சீனி கலந்த கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பக்கம் வரிக்கு வரி அப்படியே இருந்தது, அதை வைத்துக்கொண்டு சீனி கலந்த கருப்பட்டியை விற்கிறான். மழைக்காலக் கசிவு இருந்தது. பிள்ளை பெற்றவள் இருந்தாள். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் இரண்டு தளங்களும் ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாவதாக எடுத்தவன் மூலமாகிவிட்டான். தேடுபொறியின் கண்ணுக்கு இப்போது நாங்கள்தான் நகல். அண்ணன் தம்பி கெட்டுப் போகட்டும் என்று சொன்னவள்தான் நான். ஆனால் வெயிலில் கருப்பட்டியைத் திருப்பிப் பார்த்த அப்பாவின் கையைப் பற்றி நான் எழுதியதை ஒரு கலப்படக்காரன் வைத்திருப்பதைத் தாங்க முடியவில்லை.

நகலைத் தூக்கச் சொல்லித் தேடுபொறிக்குப் புகார் அனுப்ப ஒரு படிவம் உண்டு. உட்கார்ந்து நிரப்பினேன். எங்கிருந்து எடுத்தான், எங்கே போட்டிருக்கிறான் என்று நாற்பது பக்கங்களுக்கும் எழுதினேன். கடைசியில் ஒரு கேள்வி: நீங்கள் இதன் உரிமையாளரா, அல்லது உரிமையாளர் அனுமதித்த ஆளா? கை நின்றுவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டுச் சம்மதம் எழுதித் தரச் சொன்னேன். தம்பியின் தளத்தைப் புகாரில் சேர்க்கக்கூடாது, தன்னுடையது மட்டும்தான் மூலம் என்று எழுதினால் தருவானாம். தம்பியிடம் கேட்டேன். அண்ணனுடையதும் நகல்தான் என்று அந்தப் புகாரிலேயே சேர்த்து எழுதச் சொன்னான். இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம், இப்போது போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே தளம் போதும், தனித்தனியாக யாருமே வைப்பதில்லை என்று இரண்டு பேரிடமும் கெஞ்சினேன். யார் பேரில் என்று இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். என் பேரில் என்றேன். அண்ணன் போனை வைத்துவிட்டான். தம்பி சிரித்தான்.

சரி, எழுதியவள் நான், என் பேரிலேயே புகார் போடுகிறேன் என்று முடிவு செய்தேன். எழுதியவளுக்கு இல்லாத உரிமையா? பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில் இந்த எழுத்தும் சேர்த்தியா என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை. நான்தான் எழுதினேன் என்பதற்கு அந்தப் பக்கங்களிலேயே ஓர் ஆதாரம் இருந்தால் போதும் என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தேன்.

அன்று அம்மா வீடு மாறுகிற நாள். அண்ணன் வீட்டிலிருந்து தம்பி வீட்டுக்குப் போகிற வழியில், பையோடு ஆட்டோவில் வந்து என் வீட்டில் இறங்கி, மத்தியானச் சாப்பாடு வரை இருந்துவிட்டுப் போவாள். மாதத்தில் இரண்டு அரைநாள், அதுதான் அம்மாவில் எனக்கு வந்த பங்கு. என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னட்டி பாக்க?"

"அப்பாவுக்காக எழுதுனதும்மா. எவனோ எடுத்து வச்சிருக்கான்."

"வாசி, கேப்போம்."

அந்த அந்நியனின் தளத்தில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கம் திறந்திருந்தது. கடைப் பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தான். வாசித்தேன். சைக்கிளில் கருப்பட்டி கொண்டு போய் விற்று ஒரு கடையை உண்டாக்கிய தகப்பனார் வந்தார். விடியுமுன் எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த மனைவி வந்தாள். தகப்பனாரின் நேர்மையைக் கைவிடாமல் காத்து வரும் இரண்டு ஆண்மக்கள் வந்தார்கள். ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் சேர்ந்து உங்கள் வீட்டுக்கு அனுப்பும் கருப்பட்டி என்று முடிந்தது.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான், எவனா இருந்தாலும். அப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாவ" என்றாள். பிறகு திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"ஏட்டி, ஒன்னையப் பத்தி ஒண்ணும் வரலியே. ஒன்னைய மட்டும் அழிச்சிட்டானோ?"

"அவன் ஒரு எழுத்தும் அழிக்கலம்மா" என்றேன். "நான் எழுதுனதே அவ்வளவுதான்."

புகார்ப் படிவம் இன்னொரு பக்கத்தில் திறந்தே கிடந்தது. அம்மாவுக்குப் பசிக்கும் என்று எழுந்து சோறு போடப் போனேன்.